கண்டிச் சீமையில் கொயினா: மண்ணும் மருந்தும் பற்றிய சில எண்ணங்கள்

கண்டி மாநகரின் சந்தையை அண்டிய வீதிகளிலே நாட்டு மருந்துச் சரக்குகள் விற்கும் கடைகளைக் காணலாம். மழைக்குளிர் தொடங்கியதும் அக்கடைகளில் ‘பஸ்பங்குவ’ எனச் சிங்கள மக்கள் வழங்கும் ஐஞ்சரக்குப் பொதியைத் தேடி வருவோர் பெருகுவர். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, கண்டங்கத்தரி, பற்பாடகம் ஆகியவற்றோடு, வெனிவெல் என்று சிங்களத்திலும் மரமஞ்சள் என்று தமிழிலும் பெயர் பெறும் கொடியின் தண்டும் அப்பொதியில் அடங்கும். வாங்குவோர் சரக்கின் பெயரைக் கேட்பர்; நிறையைக் கேட்பர்; விலையைக் கேட்பர். அது எந்த மலையில், எத்தகைய நிழலில், எத்தனை ஆண்டுகள் வளர்ந்தது என்று கேட்போர் அரியர். பழைய தலைமுறை வைத்தியர்கள் இவ்வாறு வாங்கியதில்லை. தண்டைக் குறுக்கே வெட்டுவித்து மஞ்சள் எவ்வளவு செறிந்துள்ளது என்று நோக்குவர். சிறிது சுரண்டி நாவில் இட்டுக் கசப்பை உணர்வர். அம்மஞ்சளுக்கும் கசப்புக்கும் காரணமான பொருளுக்குப் பேர்பெரின் என்று இரசாயனவியல் பெயரிட்டிருக்கின்றது. பெயர் அறியாமலே அதனை அளக்க முயன்றவர்கள் அவர்கள்.

செடியின் பெயர் ஒன்றாயிருப்பினும் அதன் குணம் விளைநிலத்தைப் பொறுத்து வேறுபடும் என்பது கீழைத்தேய மருத்துவத்துக்குப் புதிய செய்தியன்று. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்திலே மருந்துச் சரக்கைச் சேகரித்தற்குரிய நிலத்தை ஆராய்வதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. புற்று, சுடுகாடு, பருக்கைக்கல் நிறைந்த மேட்டு நிலம் ஆகியவற்றில் வளர்ந்தவற்றை அது விலக்குகின்றது. மண்ணின் கூறும் நீரின் கூறும் மிக்க நிலத்திலே பேதி மருந்துகளையும், தீயும் காற்றும் வானும் மிக்க நிலத்திலே வாந்தி மருந்துகளையும் எடுக்குமாறு கூறுகின்றது. ஐம்பூதக் கொள்கையை இன்று எவ்வாறு மதிப்பிட்டாலும், அக்கொள்கையின் பின்னே நின்ற அவதானம் வீணானதன்று. ஒரே பெயருடைய இரு வேர்கள் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதை யாரோ சிலர் பல்லாண்டு காலம் நோயாளரின் அருகிலிருந்து கண்டிருக்கின்றனர்.

இதற்கான விளக்கத்தைத் தாவரவியல் பின்வருமாறு தருகின்றது. வெல்லம், புரதம், கொழுப்பு முதலியன செடி உயிர்வாழ்வதற்கு இன்றியமையாதவை. அவை எல்லாச் செடிகளிலும் உள்ளன. மருந்தாக மனிதன் கொள்ளும் பொருள்களோ பெரும்பாலும் இவ்வகையின அல்ல. அற்கலோயிட்டுகள், தேப்பீன்கள், தனின்கள் முதலிய இவற்றைத் துணை அனுசேபப் பொருள்கள் என்பர். தின்னவரும் பூச்சியையும், தொற்றவரும் பூஞ்சணத்தையும், சுட்டெரிக்கும் வெயிலையும் எதிர்கொள்ளச் செடி தானே ஆக்கிக்கொள்ளும் படைக்கலங்கள் இவை. நகர முடியாத உயிருக்கு வேறு வழியில்லை. படைக்கலம் எவ்வளவு வேண்டும் என்பது பகைவனைப் பொறுத்தது. ஆகவே வெயில், நிழல், உயரம், மழை, மண்ணின் நைதரசன், செடியின் வயது, அதற்கு நேர்ந்த காயம் ஆகிய ஒவ்வொன்றும் இப்பொருள்களின் அளவை ஏற்றவும் இறக்கவும் வல்லன.

கண்டியைச் சூழ எங்கும் காணப்படும் தேயிலையே இதற்குச் சான்று. நிழலில் வளர்ந்த கொழுந்தில் கற்றெக்கின்கள் குறைந்து, தியனீன் எனும் அமினோவமிலம் மிகும். வெயில் பட்டால் நிலைமை மாறும். யப்பானியர் சில தேயிலைத் தோட்டங்களைப் பறிக்கும் பருவத்துக்கு முன்னர் பந்தலிட்டு மறைப்பது இதனாலேயே. யாழ்ப்பாணத்து வளவுகளில் கேட்பாரற்றுப் பூக்கும் பட்டிப்பூச் செடியில் நீர்ப்பஞ்சம் வந்தால் வேரின் அற்கலோயிட்டுச் செறிவு உயர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அச்செடியின் இலையிலிருந்தே இரத்தப் புற்றுநோய்க்குரிய மருந்துகள் 1950களின் பிற்பகுதியில் வெளிவந்தன என்பது மாணவர் பலரும் அறிந்ததே. ஆயின் ஓர் எச்சரிக்கை இங்கே வேண்டும். வாடிய செடியில் செறிவு உயரலாம்; செடியே சிறுத்துவிடுவதால் மொத்த விளைவு குறையவும் கூடும். சில வேளைகளில் பொருள் கூடுவதேயில்லை. உடல் சுருங்குவதால் வீதம் மட்டும் கூடியதாகத் தோன்றும். ‘வருத்தினால் மருந்து மிகும்’ என்று பொதுவிதி வகுப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

பொதுவிதிகள் ஒருபுறமிருக்க, கண்டிச் சீமையிலேயே இவ்வினா ஒரு காலத்தில் பல்லாயிரம் ஏக்கர் பரப்பில் கேட்கப்பட்டது. விடை காணப்படுமுன்னரே மரங்கள் பிடுங்கப்பட்டன. தோட்டத்து மக்கள் கொயினா என்று அழைத்த சிங்கோனா மரத்தின் வரலாறு அது. கோப்பியின் வீழ்ச்சிக்கும் தேயிலையின் எழுச்சிக்கும் இடைப்பட்ட ஒரு சிறு அத்தியாயமாகவே நமது வரலாற்று நூல்கள் அதனைக் கடந்து செல்கின்றன. மருந்து பற்றிய வரலாறாக அதனைப் படித்தல் வேறோர் அனுபவம்.

சிங்கோனா தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடருக்குரியது. அதன் பட்டை மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தென்பது 17 ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் தெரிந்திருந்தது. 1820 இல் பெல்லெற்றியர், கவந்தூ எனும் இரு பிரெஞ்சுக்காரர் அப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். பட்டையில் குயினைன் மட்டுமன்றிக் குயினிடீன், சிங்கோனீன், சிங்கோனிடீன் என்னும் மூன்று உடன்பிறப்புகளும் முக்கியமாக உள்ளன. குயினைனுக்கும் சிங்கோனிடீனுக்கும் உள்ள வேறுபாடு ஒரேயொரு மெதொட்சிக் கூட்டமே. இச்சிறு வேறுபாட்டின்மேல் பிற்காலத்தில் எத்தனை செல்வங்கள் எழுந்தன, எத்தனை விழுந்தன என்பதை எண்ணுகையில் வியப்புத் தோன்றும்.

கிளெமன்ற்ஸ் மார்க்கம் தலைமையில் 1859–60 இல் பிரித்தானியர் மேற்கொண்ட பயணத்தின் பயனாக வித்துகளும் கன்றுகளும் நீலகிரிக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தன. பேராதனைத் தாவரவியற் பூங்காவை அப்போது நிருவகித்தவர் ஜோர்ஜ் துவைற்ஸ். 1849 முதல் 1880 வரை மூன்று தசாப்தங்கள் அப்பூங்காவோடு வாழ்ந்தவர் அவர். ஏறத்தாழ 1,500 அடி உயரமுள்ள பேராதனையின் வெப்பம் இப்புது விருந்தாளிக்குப் பொருந்தாது என்பதால், நுவரெலியாவுக்கு அப்பால் 5,000 அடிக்கு மேலுள்ள ஹக்கலையிலே 1861 இல் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. இன்று உல்லாசப் பயணிகள் ரோசா மலர்களைப் படமெடுக்கச் செல்லும் ஹக்கலைப் பூங்கா கொயினாவின் நாற்றுமேடையாகத் தோன்றியது என்பதைப் பலர் அறியார். செடிக்கு ஏற்ற இடத்தைத் தேடிச் செடியைக் கொண்டுசென்றதே துவைற்ஸின் முதற் செயல். பின்வந்தோர் அவ்வளவு பொறுமை காட்டவில்லை.

கன்றுகள் தயாராயின, தோட்டத் துரைமார் திரும்பியும் பார்க்கவில்லை. கோப்பி பொன்னாய் விளைந்த காலம் அது. காய்ச்சல் மருந்துக்கு யார் காணி ஒதுக்குவர்? கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டைப் பகுதியிலே லூல்கந்துரைத் தோட்டத்தை நடத்திய ஜேம்ஸ் டெயிலர் முன்வந்து நட்ட மிகச் சிலருள் ஒருவர். 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டு இலங்கைத் தேயிலையின் தந்தை என்று பெயர்பெற்ற அதே டெயிலர்தான். அவரது கல்லறை கண்டி மஹய்யாவைச் சேமக்காலையில் இருக்கின்றது. அவரைத் தேயிலைக்காகவே நினைவுகூர்வர், கொயினாவுக்காக எவரும் நினைவுகூர்வதில்லை.

1869 இல் கோப்பி இலையில் துருநோய் தோன்றியது. பத்தாண்டுகளுள் கோப்பித் தோட்டங்கள் வெளிறிப் போயின. அப்போதுதான் துரைமாருக்கு ஹக்கலையின் நினைவு வந்தது. 1870களின் தொடக்கத்தில் சில நூறு ஏக்கராக இருந்த கொயினா, 1883 அளவில் ஏறத்தாழ 64,000 ஏக்கராகப் பெருகியது. 1886 இல் இலங்கையிலிருந்து கப்பலேறிய பட்டை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி இறாத்தல். இலண்டன் சந்தை இலங்கைப் பட்டையால் நிறைந்தது. 1880 அளவில் அவுன்சு 12 சிலிங் வரை விற்ற குயினைன் பத்தாண்டுகளுள் 2 சிலிங்குக்கும் கீழே இறங்கியது. அதன்பின் பட்டையை உரிக்கும் கூலிக்கும் கப்பற் செலவுக்குங்கூட விலை கட்டுப்படியாகவில்லை. கொயினாவைப் பிடுங்கித் தேயிலை நட்டனர்.

விலை வீழ்ச்சியே இதற்குக் காரணம் என்று பொருளியலாளர் கூறுவர். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. அதே விலையில், அதே ஆண்டுகளில், அதே சந்தையில் ஜாவாவின் ஒல்லாந்தர் வாழ்ந்தனர், வளர்ந்தனர். இருவரும் மரத்தையே நட்டனர். ஒருவர் நட்டது பட்டையை. மற்றவர் நட்டது குயினைனை.

பட்டைச் சந்தையின் முறை இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. பட்டை நிறையால் மட்டும் விலைபோகவில்லை. அதிலுள்ள குயினைனின் ஒவ்வொரு வீதத்துக்கும் இவ்வளவு என்று கணித்தே வாங்கினர். இலங்கையில் மிகுதியாக நடப்பட்டது செம்பட்டை இனமான சக்சிரூப்ரா. இன்று தாவரவியலார் அதனைப் பியூபெசென்ஸ் என்பர். அது தாழ்ந்த மலைகளிலும் வளரும், விரைந்து வளரும், அதன் பட்டையில் குயினைன் பெரும்பாலும் 1 முதல் 3 வீதம் வரையே. எஞ்சியதில் சிங்கோனிடீனின் பங்கு பெரிது. உயர்ந்த குளிர்மலைக்குரிய ஒபிசினாலிஸ் குயினைன் மிக்கதாயினும் மெலிந்த மரம். இரண்டும் கலந்து தாமாகவே தோன்றிய கலப்பினங்களும் தோட்டங்களிலே பெருகின. எந்த மரம் எதனைத் தருகின்றது என்பதைப் பட்டையை உரித்த பின்னரே, பல வேளைகளில் விற்ற பின்னரே, துரைமார் அறிந்தனர்.

நீலகிரியிலோ வேறொரு நிலைமை இருந்தது. உதகமண்டலத்தில் கொயினாத் தோட்டங்களை நிறுவிய வில்லியம் மக்ஐவர் ஒரு விந்தையான முறையைக் கண்டார். நின்ற மரத்தின் பட்டையை நீளவாக்கில் கீலங்களாக உரித்துவிட்டு, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். ஒளிபடாத அப்பாசியின் அடியிலே புதுப்பட்டை வளர்ந்தது. பழம்பட்டையைவிட அதில் அற்கலோயிட்டு மிகுந்திருந்தது. சந்தையிலும் ‘புதுப்பித்த பட்டை’ என்ற பெயரில் அது கூடிய விலைக்குப் போயிற்று. 1866 இல் நீலகிரித் தோட்டங்களுக்கென ஜோன் புரோட்டன் என்ற இரசாயனவியலாளரை அரசாங்கம் நியமித்தது. அவர் உயிருள்ள மரங்களிலேயே பரிசோதனை செய்தார்: உயரம் மாறினால் என்ன ஆகும், வெயில் பட்டால் என்ன ஆகும், எரு இட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் தேடினார். நேரடி ஒளி பட்டையின் அற்கலோயிட்டைக் குறைப்பதையும், செம்பட்டை மரம் தாழ்ந்த வெப்பமான நிலத்தில் வளர்ந்தால் குயினைனின் பங்கு குறைவதையும் அவர் ஆராய்ந்து கூறினார். 1871 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் அவரது கட்டுரை வெளியாயிற்று. வளர்நிலைக்கும் மருந்துப் பொருளுக்கும் உள்ள தொடர்பை ஆய்வுகூட அளவைகளோடு அணுகிய முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்றெனலாம். கண்டியிலிருந்து அதிக தூரமில்லை, ஒரே பேரரசு, ஒரே மரம், ஆயினும் கண்டித் துரைமாரின் செவியில் அது போதிய அளவு ஏறியதாகத் தெரியவில்லை.

மண்ணும் அவர்களைக் கைவிட்டது. நீர் வடியும் ஆழமான காட்டுமண்ணையே கொயினாவின் வேர் விரும்பும். கோப்பி தின்று களைத்த நிலத்திலும், அடியில் களி தேங்கிய சரிவிலும் நட்ட மரங்கள் சில ஆண்டுகளிலேயே வேரழுகிச் சாயத் தொடங்கின. சாகும் மரத்தைச் சாகுமுன் உரித்துவிடவேண்டும் என்ற அவசரம் எழுந்தது. இளமரத்தின் பட்டை மெல்லியது. மருந்தும் அதில் முற்றியிராது. சுள்ளிப் பட்டைகூட மூட்டை கட்டப்பட்டது. ஒன்றரைக் கோடி இறாத்தல் என்ற பெருந்தொகையின் உட்பொருள் இதுவே. அது செழிப்பின் அளவன்று. பெருமளவில் பதற்றத்தின் அளவு.

ஒல்லாந்தரின் கதையும் தோல்வியிலேயே தொடங்கியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஜாவாவில் யுங்கூன் என்ற அறிஞர் 1850களின் பிற்பகுதியிலிருந்து பஹூடியானா எனும் இனத்தைக் காட்டு நிழலிலே பத்து இலட்சத்துக்கு மேல் நட்டார். மரங்கள் செழித்தன; பட்டையில் குயினைன் மிகச் சொற்பம். அவர் 1864 இல் மறைந்தபோது அம்முயற்சியும் மறைந்தது. அத்தோல்வியிலிருந்து ஒல்லாந்தர் கற்றது ஒன்றே: மரத்தை நம்பாதே, அளந்து பார்.

1865 இல் பொலிவியாவிலிருந்து சார்ள்ஸ் லெட்ஜர் அனுப்பிய வித்துகள் ஐரோப்பாவை அடைந்தன. அவற்றைச் சேகரித்தவர் மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடியினர். எந்த மரம் நல்ல மரம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வித்துகளை வெளியே கொடுத்த குற்றத்துக்காகப் பின்னர் அவர் சிறையிலிடப்பட்டு அடிக்கப்பட்டு அதனாலேயே இறந்தார். மருந்தின் வரலாற்றிலே அவர் பெயர் பெரிதாகப் பேசப்படுவதில்லை. அவ்வித்துகளில் ஏறத்தாழ ஓர் இறாத்தலை ஒல்லாந்த அரசு வாங்கியது. மற்றொரு பங்கு இந்தியாவிலிருந்த ஓர் ஆங்கிலத் தோட்டக்காரர் கைக்கும், அவர் வழியாக அங்குள்ள அரசாங்கத் தோட்டங்களுக்கும் சென்றது. ஆகவே நல்ல வித்து ஒல்லாந்தருக்கு மட்டுமே கிடைத்தது என்பது தவறு. அவர்கள் அதனை என்ன செய்தனர் என்பதே வேறுபாடு.

ஜாவாவில் பேர்னலொற் மூன்ஸ் எனும் இரசாயனவியலாளர் மரம் மரமாகப் பட்டையைப் பகுத்தார். சில மரங்களில் 10 வீதத்துக்கும் மேலாக, 13 வீதம் வரையில், குயினைன் இருந்தது. அவற்றை மட்டும் வித்துக்கெனத் தெரிந்து, பிற இனங்களின் மகரந்தம் அணுகாதபடி தூரத்தே வைத்தனர், ஏனையவற்றை ஒதுக்கினர். கொயினா தன்மகரந்தத்தால் சூல்கொள்ளும் மரமன்று. அயலில் எந்த இனம் நின்றாலும் கலந்துவிடும். இலங்கையிலும் லெட்ஜர் இனம் நடப்பட்டது; சக்சிரூப்ரா சூழ்ந்த மலைகளில் அதன் வழித்தோன்றல்கள் தாயின் பெயரை மட்டுமே பெற்றன. மேலும், லெட்ஜர் இனத்தின் வேர் மெலிது என்பதைக் கண்ட ஒல்லாந்தர், வலிய சக்சிரூப்ரா அடிமரத்தில் அதனை ஒட்டினர். மண்ணைத் தாங்க ஒரு மரம், மருந்தை ஆக்க மற்றொரு மரம். பாண்டுங்குச் சூழலிலுள்ள எரிமலை மண் நீரை வடியவிடும், குளிர் அளவானது, மழை ஆண்டு முழுவதும் பகிர்ந்து பெய்யும். வித்து, மண், உயரம், அளவை ஆகிய நான்கும் அங்கே சேர்ந்தன. வளர்நிலை ஒன்றே மருந்தை ஆக்கிவிடும் என்று வாதிடுவோர் ஜாவாவையும், வித்து ஒன்றே போதும் என்போர் இலங்கையையும் நோக்குதல் தகும்.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் கூறாதுவிட முடியாது. 1866 முதல் 1868 வரை சென்னை முதலிய மாகாணங்களில் அரசாங்கம் நியமித்த மருத்துவக் குழுக்கள் கொயினாவின் நான்கு அற்கலோயிட்டுகளையும் காய்ச்சற்காரருக்குக் கொடுத்துப் பரிசோதித்தன. நான்குமே பயனுடையன என்றும், சிங்கோனீன் மட்டும் சற்றே வலு குறைந்தது என்றும் கண்டன. அதாவது கண்டி மலைகளின் செம்பட்டை, குயினைன் குறைந்ததாயினும், காய்ச்சலைத் தணிக்க வல்லதே. வங்காளத்தில் அவ்வாறே செம்பட்டையின் எல்லா அற்கலோயிட்டுகளையும் சேர்த்து மலிவான காய்ச்சல் மருந்தொன்று 1870களில் ஆக்கப்பட்டது. 1890களில் அங்கே தபாற் கந்தோர்களிலும் குயினைன் சிறு பொட்டலங்களாகக் கிடைத்தது. இலங்கையில் பட்டை பட்டையாகவே கப்பலேறியது. மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாகக் கண்டிச் சீமைக்கு வந்து, வழியெல்லாம் காய்ச்சலுக்கும் கொலராவுக்கும் உறவினரைப் பறிகொடுத்த தமிழ்த் தொழிலாளரே அப்பட்டையை உரித்தனர், உலர்த்தினர், மூட்டை கட்டினர். எது பயனுள்ள பொருள் என்பதை இலண்டன் ஏலம் தீர்மானித்தது. நோயாளியைக் கேட்டிருப்பின் விடை வேறாயிருந்திருக்கும்.

அதன் விலை பிற்காலத்தில் கொடுக்கப்பட்டது. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கின. அக்குட்டைகளிலே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெரிதும் வதைந்தன. 1935 இன் இறுதிக்குள் இறந்தோர் தொகை ஏறத்தாழ 80,000 எனக் கணிக்கப்பட்டது. அரசாங்க வைத்தியரும், சூரியமல் இயக்கத்து இளைஞரும் ஊர் ஊராகக் குயினைன் கொண்டு சென்றனர். அக்காலத்தில் உலகக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவின் பட்டையிலிருந்து வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் உலகச் சந்தையை நிறைத்த தீவு, தன் மக்களின் காய்ச்சலுக்கு வெளிநாட்டு மருந்தை எதிர்பார்த்து நின்றது. அன்றைய துரைமார் தேயிலையை விட்டுக் கொயினாவைக் காத்திருக்க வேண்டும் என்று கூறுவது நியாயமாகாது. விலையற்ற பயிரை எவரும் காக்கார். ஆயினும் நல்ல மரங்கள் சிலவற்றையேனும் அளந்து தெரிந்து காத்திருந்தால் என்ற நினைவு எழாமல் இல்லை.

குயினைனுக்குப் பின் குளோரோகுயின் வந்தது. பின்னர் நோய்க்கிருமி அதனையும் எதிர்க்கக் கற்றது. மீண்டும் மருந்தைத் தேடியவர்கள் மீண்டும் ஒரு செடியிடமே சென்றனர். சீனாவில் 1967 இல் தொடங்கிய தேட்டத்தில் து யூயூ எனும் பெண் ஆய்வாளர் ஆட்டெமிசியா அன்னுவா எனும் செடியின் சாற்றிலே பயன் கண்டார். முதலில் கிடைத்த முடிவுகள் ஒருநாள் நம்பிக்கையும் மறுநாள் ஏமாற்றமுமாக மாறிமாறி வந்தன. காய்ச்சி வடித்தபோது மருந்து சிதைந்தது ஒரு காரணம். பீக்கிங்கைச் சூழ விளைந்த செடியில் ஆட்டெமிசினின் மிகக் குறைவு என்பது மற்றொரு காரணம். சிச்சுவான் பகுதியின் செடியிலே அது மிகுந்திருந்தது. அதுவும் வேரிலோ தண்டிலோ அன்று, குறித்த பருவத்து இலையில். பெயர் சரியாக இருந்தும் செடி தவறாக இருந்த கதை நூறு ஆண்டுகளின் பின் மீண்டும் நடந்தது. இம்முறை அளந்து பார்க்க ஆள் இருந்தார். 2015 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டு இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலகச் சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது.

இவ்வளவையும் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாதபடி, சந்தையோரத்து மருந்துக் கடை மீண்டும் நினைவுக்கு வருகின்றது. மரமஞ்சள் ஈரவலயக் காடுகளின் கொடி. அதன் தண்டு பருத்து மஞ்சள் செறிய ஆண்டுகள் பல வேண்டும். வெட்டியெடுக்கும் கைக்கு அப்பொறுமை இல்லை. பிங்கொஹொம்ப எனப்படும் முன்றோனியாவும் அவ்வாறே: காட்டு நிழலில் மெல்ல வளரும் சிறுசெடி, வேரோடு பிடுங்கப்படுவது, விலை மிக்கது, இன்று காட்டில் அரிதாகிப் போனது. காட்டைக் காப்பதற்கு இவற்றைத் தோட்டத்தில் வளர்க்கவேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. தோட்டத்தில் வளர்ந்தது காட்டில் வளர்ந்ததற்கு ஒப்பாகுமா என்பதே கேள்வி. எருவிட்டு நீரிறைத்துச் செழிக்கச் செய்த செடி நிறையில் விஞ்சும். அதன் கசப்பும் விஞ்சுமா? எந்த அளவு நிழலில், எந்த வயதில் அறுத்தால் பொருள் நிறைகின்றது? ஒவ்வொரு சரக்குக்கும் இதற்குத் தனித்தனியே விடை காணவேண்டும். ஒன்றின் விடை மற்றொன்றுக்குப் பொருந்தாது. வயலில் நிழல்வலை கட்டுபவரும், ஆய்வுகூடத்தில் நிறப்பதிவியல் முறையால் பகுப்பவரும், தண்டை நாவில் வைத்துப் பார்க்கும் வைத்தியரும் ஒரே மேசையில் அமர்தல் இதற்கு வேண்டும். பேராதனையைச் சுற்றி மூவருமே இருக்கின்றனர். அவர்களுக்கிடையே உள்ள தூரம் சில மைல்களே.

துவைற்ஸுக்குப் பின் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக வந்தவர் ஹென்றி ட்ரைமன். 1880 முதல் 1896 வரை, கொயினா ஏறியதையும் வீழ்ந்ததையும் அருகிலிருந்து கண்டவர். ஜாவாவைச் செல்வமாக்கிய லெட்ஜர் இனத்துக்குத் தாவரவியல் முறைப்படி பெயரைப் பதிப்பித்தவர் அவரே. இன்று பலர் அதனைக் கலிசாயா இனத்துள் அடக்குவர். ஆயினும் பழைய பெயரை முழுமையாக எழுதும்போதெல்லாம், சிங்கோனா லெட்ஜெரியானா என்பதன் பின்னே மூன்ஸின் பெயரும் அதையடுத்து ட்ரைமனின் பெயரும் வரும். பட்டையை அளந்தவர் ஒருவர். பேராதனையிலிருந்து பெயரிட்டவர் மற்றவர்.